இடது எஞ்சினில் பன்னிரண்டு மீதி

என் கணவருக்கு விமானத்தில் வேலை என்று சொன்னால் எங்கள் முகப்பேர் குடியிருப்பில் எல்லோரும் பைலட் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்புறம் அவர் எண்ணெய்க் கறைச் சட்டையோடு மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறிவருவதைப் பார்த்துக் குழம்புவார்கள். பைலட் இல்லைங்க, மெக்கானிக் என்று அவரே சொல்லிவிடுவார். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய இன்ஜினியர் என்று நான் திருத்துவேன். பதினாறு வருஷமாக நான் திருத்திக்கொண்டிருந்தேன், அவர் கெடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு விமானம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வார்ப்படத் தொழிற்சாலை வைத்திருக்கும் முதலாளியின் சொந்த ஜெட், எட்டுப் பேர் உட்காரலாம். முதலாளியை நாங்கள் எல்லோரும் எம்.டி. என்றுதான் சொல்வோம். அவர் வாங்கும்போதே அது பழசு, வடக்கே யாரோ ஓட்டிச் சலித்து விற்றது. இப்போது முப்பது வயதைத் தாண்டிவிட்டது. மீனம்பாக்கத்தில் நிற்கும். மாதத்துக்கு மூன்று தடவை கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ போய் வரும். மீதி நாளெல்லாம் என் கணவர் அதைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசில், உங்க வீட்டுக்காரருக்கு மீனம்பாக்கத்தில ஒரு சின்ன வீடு என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அந்த ஜோக் பிடிக்காது. சின்ன வீட்டுக்குப் போகிற மனுஷன் தலையையாவது வாரிக்கொண்டு போவான். இவர் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு போவார், கேட்டால் விமானத்துக்குத் தெரியவா போகிறது என்பார்.

விமான எஞ்சினுக்கு ஒரு வழக்கம் உண்டு. அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, இத்தனை மணி நேரம் ஆயிற்று என்றால் பிரித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். போன வருஷம் இடது எஞ்சினுக்கு அந்த முறை வந்தது. முழுசாகப் பிரித்துப் பூட்டுவதற்கு வெளிநாட்டுப் பட்டறை ஒன்று சொன்ன விலையை என் கணவர் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார். ஒரு எஞ்சினுக்கே அவ்வளவு. கூடவே வலது எஞ்சினையும் சேர்த்தால், மொத்த விமானத்தையும் விற்றால் வருகிற காசைத் தாண்டிவிடும். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். வீட்டு விலையை விட வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற செலவு அதிகமானால் எந்தப் பைத்தியக்காரன் பெயிண்ட் அடிப்பான் என்று கேட்டேன். அதான் எம்.டி.யோட பையனும் கேக்கறாரு என்றார்.

பையனுக்குக் கணக்குத் தெளிவு. பழைய விமானத்தைப் பாகம் பாகமாக விற்றுவிடலாம், தேவைப்பட்டால் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றான். எம்.டி.க்கு மனசு வரவில்லை. வருகிற தை போய் அதற்கு அடுத்த தை மாதம் தொழிற்சாலையைப் பையனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கப் போகிறார், அதுவரைக்குமாவது பறக்கட்டும் என்றார். அதற்கு ஒரு வழி இருந்தது. முழு ஓவர்ஹால் வேண்டாம். எஞ்சினின் சூடான பின்பகுதியை மட்டும் திறந்து, தேய்ந்ததை மாற்றிப் பூட்டினால் செலவு கால்வாசிதான். ஆனால் உள்ளே சுழலும் டிஸ்க் என்ற தட்டுக்கு இன்னும் ஆயுள் இருக்க வேண்டும். அந்த ஆயுளை மணிக்கணக்கில் பார்ப்பதில்லை. ஒரு தடவை மேலே ஏறி இறங்கினால் ஒரு சுற்று. இத்தனை சுற்று என்று எல்லை வைத்திருக்கிறார்கள். எல்லை வந்துவிட்டால் டிஸ்க் பளபளவென்று இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான், தாண்டி ஓட்டினால் பறக்கும்போதே உடைந்து சிதறலாம். என் கணவரின் நோட்டுக் கணக்கில் எழுபது சுற்று மீதி இருந்தது. மாதம் மூன்று பயணம், போக ஒன்று, வர ஒன்று. ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு வரும்.

அந்த ஒரு வருஷம் எம்.டி.யை விட இவருக்குத்தான் தேவைப்பட்டது. அதே தை மாதம் இவருக்கும் அறுபது முடிகிறது. லைசென்ஸ் இந்த ரக விமானத்துக்கு மட்டும்தான், இந்த ரகம் இப்போது ஊரில் எங்கேயும் இல்லை. விமானம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியைக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பது அவர் ஆசை. பெரிதாக எதையும் கேட்காத மனுஷன். இதைக்கூட என்னிடம் சொல்லவில்லை, போனில் பைலட்டிடம் சொன்னதை நான் ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எஞ்சினை விட அதன் காகிதம் முக்கியம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டிஸ்க் பிறந்ததிலிருந்து எங்கே இருந்தது, எத்தனை சுற்று ஓடியது என்பதற்குக் காகிதம் இல்லையென்றால் எந்தப் பட்டறையும் அதைத் தொடாது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் எங்கள் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பார்த்தேன். டி.சி. இல்லாமல் வருகிற பிள்ளை கண்ணெதிரே நின்றாலும் நாங்கள் சேர்த்துக்கொள்வதில்லை.

அந்தக் காகிதங்கள் தொழிற்சாலையில் தரைத்தளத்து அறையில் இருந்தன. மழைக்காலம் வந்தால் எஸ்டேட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஐப்பசி பிறந்ததும் இரண்டு தகரப் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்தார். இத்தெல்லாம் நனைஞ்சா அவ்ளோதான் என்று இரண்டு தரம் சொன்னார். அவற்றில் ரொம்ப முக்கியமானவற்றைச் சிவப்பு ஃபைலில் தனியாகப் போட்டு அலமாரியில் வைத்தார்.

இங்கே என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். கல்யாணம் ஆன புதிதில் கொரட்டூரில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். ஒரு மழையில் ஏரித்தண்ணீர் உள்ளே வந்து என் டிகிரி சர்டிபிகேட்டைக் கூழாக்கிவிட்டது. டூப்ளிகேட் வாங்க நான் பட்ட பாட்டைச் சொன்னால் இந்தக் கட்டுரை முடியாது. அதன் பிறகு எங்கள் வீட்டில் லேமினேஷன் ஆகாத காகிதம் கிடையாது. ரேஷன் கார்டு, மகளின் மார்க் ஷீட், கேஸ் இணைப்புச் சீட்டு, ஒரு தரம் அவசரத்தில் மளிகை லிஸ்ட் கூட. பள்ளி ஆபீசில் பிள்ளைகளின் அடையாள அட்டை போடும் மெஷினை இயக்குவது நான்தான். என் கையில் போகும் அட்டையில் ஒரு காற்றுக் குமிழி இருக்காது. அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு.

மார்கழியில் அரையாண்டு லீவு. எஞ்சின் முடிவாகும் வரை விமானம் நின்றுகொண்டிருந்ததால், அவர் நாலு நாள் எம்.டி.க்குத் துணையாக ரயிலில் கோயம்புத்தூர் போயிருந்தார். வெளியே விடாத மழை. சிவப்பு ஃபைலைத் திறந்து பார்த்தேன். டீக்கறை, மடிப்பு, ஓரத்தில் பூச்சி அரித்த தடம். இவ்வளவு முக்கியமான காகிதத்தை இவ்வளவு அலட்சியமாக வைத்திருக்கிறாரே என்று கோபம் வந்தது. திரும்பி வருவதற்குள் சரிசெய்து வைத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஃபைலைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் மெஷினைச் சூடுபண்ணினேன்.

பதினெட்டுத் தாள் கண்ணாடி மாதிரி வந்தது. பத்தொன்பதாவது, சுருண்டு வழவழவென்று இருந்த பழைய ஃபேக்ஸ் தாள். உள்ளே போனபோது எழுத்து இருந்தது. வெளியே வரும்போது முன் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. பிடித்து இழுத்தேன், முழுசும் கறுத்த பிறகுதான் கையில் வந்தது. சூடு பட்டால் அந்த ரகத் தாள் கறுத்துவிடும் என்று எனக்குத் தெரியாது. காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல், பளபளவென்று ஒரு கறுப்புத் தாள்.

இரண்டு நாள் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மறைத்துவிடலாமா என்றும் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். அவர் வந்து ஷூவைக் கழற்றும் முன்பே நீட்டிவிட்டேன். ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்து அதற்குப் பதில் கத்தலும் தயாராக வைத்திருந்தேன்.

"இத்தப் போய் இன்னாத்துக்குமா லேமினேசன் பண்ணே?" என்றார். அவ்வளவுதான். முகம் கழுவப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அந்த எஞ்சினைத் திறந்த பட்டறை, அன்றைக்கு டிஸ்க் இத்தனை சுற்று ஓடியிருக்கிறது என்று சான்று சொல்லி அனுப்பிய ஃபேக்ஸ் அது. அந்தப் பட்டறையை மூடி வெகு காலமாயிற்று. வெளிநாட்டுப் பட்டறைக்கு எழுதிக் கேட்டார்கள். பரவாயில்லை, உங்கள் இன்ஜினியர் தன் நோட்டுக் கணக்கு சரி என்று கையெழுத்துப் போட்டு உறுதி கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் இவர் சும்மா கையெழுத்துப் போடுகிற ஆளா. டிஸ்க் புதிதாகப் பூட்டிய நாளிலிருந்து எல்லாப் பயணப் பதிவேடும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, ஒரு தரம் எண்ணிப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றார்.

நான் எண்ணுகிறேன் என்றேன். கெடுத்தது நான், எண்ணுவதாவது நானாக இருக்கட்டும். லீவு முடிய இன்னும் சில நாள் இருந்தது. வடக்கத்திக்காரர் காலத்துப் பதிவேடு, எம்.டி. காலத்துப் பதிவேடு, எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி வைத்து, பள்ளி வருகைப் பதிவேட்டில் கூட்டுவது போல ஐந்து ஐந்தாகக் கோடு போட்டேன். ஒவ்வொரு வரியிலும் எங்கிருந்து எங்கே, யார் ஓட்டியது, எத்தனை தரம் இறங்கியது என்று இருக்கும். யார் யாரோ எங்கெங்கோ போயிருக்கிறார்கள். எண்ண எண்ண அந்த விமானத்தின் மேல் எனக்கே ஒரு பிரியம் வந்துவிட்டது.

கூட்டி முடித்தபோது இவர் கணக்கை விட ஐம்பத்தெட்டு அதிகம் வந்தது. நான்தான் தப்பு என்று மறுபடி எண்ணினேன். மறுபடியும் ஐம்பத்தெட்டு. மாதம் மாதமாக இவருடைய நோட்டோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்ததில் இடம் அகப்பட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் புதுப் பைலட் சேர்ந்தபோது ஆறு நாள் பயிற்சி நடந்திருக்கிறது. மேலே போய் ஒரு வட்டம் அடித்து, இறங்கி, நிற்காமலே திரும்ப எழும்பி, திரும்ப இறங்கி. பதிவேட்டில் நாளுக்கு ஒரே வரி. ஆனால் இறங்கிய கட்டத்தில் பதினொன்று, பன்னிரண்டு, ஒன்பது, பத்து, பன்னிரண்டு, பத்து என்று இருந்தது. அறுபத்து நாலு சுற்று. இவர் நோட்டில் வரிக்கு ஒன்று வீதம் ஆறு என்று ஏற்றியிருந்தார்.

இவரா இப்படி என்று தேதியைப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்த ஆறு நாளும் எங்கள் மகள் டெங்கு காய்ச்சலில் பூந்தமல்லி பக்கத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. இவர் ராத்திரி முழுக்க அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், விடிந்ததும் பஸ் பிடித்து மீனம்பாக்கம் போவார். லீவு கேட்டிருக்கலாம், கேட்கத் தெரியாது.

எழுபதில் ஐம்பத்தெட்டு போனால் பன்னிரண்டு. பன்னிரண்டு சுற்றுக்காக யாரும் எஞ்சினைப் பிரிக்க மாட்டார்கள். இரண்டு மாதம் ஓட்டினால் தீர்ந்துவிடும். எண்ணாமலே விட்டிருந்தால் அதற்கு அப்புறமும் பத்து மாதம் எல்லையைத் தாண்டி ஓட்டியிருப்பார்கள், இவரும் அதில் ஏறிப் போயிருப்பார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தக் கணத்தில் நான் விரும்பியது நோட்டை மூடி வைத்துவிடத்தான். ஒரு வருஷம்தானே, ஐம்பத்தெட்டுதானே என்று என் மனசு பேரம் பேசியது. அதை இப்போது ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை, அவருக்கு அந்த ஒரு வருஷம் கிடைக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

சாயந்திரம் கணக்குத் தாளை அவர் முன்னால் வைத்தேன். ஆறு வரியையும் விரலால் தொட்டுப் பார்த்தார். தேதியையும் பார்த்தார். காலையில் எம்.டி.யைப் பார்க்கப் போகிறேன் என்றார். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்று சொல்லவில்லை.

எஸ்டேட்டில் எம்.டி.யின் அறையில் அவர், நாங்கள் இரண்டு பேர், வேறு யாரும் இல்லை. ஃபேக்ஸைக் கறுப்பாக்கிய மகராசி என்று என்னைப் பற்றித் தொழிற்சாலை முழுக்க அதற்குள் பேச்சாகியிருந்தது. எம்.டி. எனக்கும் சேர்த்துக் காபி சொன்னார். இவர் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார். எம்.டி. கணக்குத் தாளை இரண்டு தரம் வரி வரியாகப் படித்தார். அப்புறம் அதை மடித்து மேசையில் வைத்தார்.

"இத நாம எண்ணாமயே இருந்திருக்கலாம்," என்றார் மெதுவாக. "ஃபேக்ஸ் லேமினேஷன்ல போச்சுன்னு அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும். உங்க நோட்டு போதும்னுட்டாங்க. எல்லையில கொஞ்சம் முன்ன பின்ன வச்சிருப்பாங்கல்ல. ஒரு வருஷம் ஓட்டிட்டு ரெண்டு பேரும் ஒண்ணாவே இறங்கிக்கலாமே."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த விமானத்தின் மேல் அவருக்கும் அவ்வளவு பிரியம். பழி என் மேல் ஏற்கெனவே இருந்தது, இன்னும் ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று எனக்கும் தோன்றியது. சரியென்று சொல்லிவிடுங்களேன் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"இவங்க கறுப்பாக்குன பேப்பர்ல தப்பு இல்ல சார்," என்றார் இவர். "தப்பு என் நோட்டுல கீது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வாரம் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள் சார், இவர் தூங்கவே இல்லை என்று ஆரம்பித்தேன். இவர் என் பக்கம் திரும்பினார்.

"அது கணக்குல வராதுமா," என்றார்.

எம்.டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பையனைக் கூப்பிட்டு, விற்றுவிடலாம் என்று சொன்னார்.

எஸ்டேட்டிலிருந்து முகப்பேர் வருகிற வரை நான் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. நேர்மை நேர்மை என்று கட்டிக்கொண்டு அழுங்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு பாத்திரத்தை மட்டும் சத்தமாகக் கழுவினேன். மூன்றாம் நாள் ஆபீசுக்கு ஒரு அம்மா வந்து, தொழிற்சாலையில் வேலை செய்கிற தன் தம்பி சொன்னதாக, தப்பு உங்களுதில்லையாமே, விமானம் போறது தன் நோட்டுத் தப்பாலதான்னு உங்க வீட்டுக்காரரே எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறாராமே என்றாள். கேன்டீனில் நின்று ஒவ்வொரு மேசையாகச் சொல்லியிருக்கிறார். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிற மனுஷன். நான் டாய்லெட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று முப்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்கே முழுசாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் பேசிவிட்டேன்.

பங்குனியில் ஒரு ஆள் வந்து பார்த்து விலை பேசினார். ஒரே ஒரு பயணத்துக்கு மட்டும் தனி அனுமதி வாங்கி, நாக்பூர் வரை ஓட்டிக்கொண்டு போய் அங்கே பிரித்து விற்பார்களாம். எம்.டி. இவரைத் தொழிற்சாலையிலேயே கம்ப்ரசர்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சம்பளம் அதேதான். இவர் சரி என்றார்.

விமானம் கிளம்பிய அன்றைக்கு இவர் விடியற்காலையில் போனவர், மத்தியானத்துக்கு மேல்தான் வந்தார். பைலட் நல்லபடியாக இறங்கிவிட்டதாகப் போன் செய்த பிறகே புறப்பட்டாராம். சட்டையில் ஒரு கறை இல்லை, அன்றைக்கு அதன் மேல் கை வைக்க வேலையே இருக்கவில்லை. தட்டில் சோறு போட்டேன். சாப்பிடாமல் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து, தேதி போட்டு, ஒரு சுற்று என்று எழுதினார். மீதி என்ற கட்டத்தில் பதினொன்று என்று எழுதினார். பேனாவை மூடாமல் நோட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"சரியா கீதா பாருமா," என்றார்.

பன்னிரண்டில் ஒன்று போனால் பதினொன்று. நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றேன்.